கூடையில் சிக்கிய நந்தியாவட்டை

"இது ஆருக்க வேலையாக்கும்?"

மழைச் சத்தத்தையும் மீறி வந்த அந்தக் குரலில் ரெஜிஷாவின் கையிலிருந்த துடைப்பம் நழுவி விழுந்தது. இந்த வீட்டில் அவளைத் தவிர ஆளே கிடையாதே... துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

நீச்சல் குளத்தை ஒட்டிய மோட்டர் அறையில் ஒருவன் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மோட்டருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டிக் கூடையைக் கழற்றி வெளியே வைத்திருந்தான். கூடை நிறையப் பூ. நந்தியாவட்டைப் பூ... வெள்ளையாக இருந்ததெல்லாம் வடிகட்டிய தேயிலைச் சக்கை நிறத்துக்குக் குழைந்து போயிருந்தது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். முகம் திட்டத் தயாராக இருந்தது. ஆனால் அந்தக் கண்களுக்குத் திட்டத் தெரியவில்லை. ரெஜிஷா தேவைக்கு மேல் ஒரு நொடி பார்த்துவிட்டாள். ஒரு நொடிதானே என்று விட்டுவிட முடியுமா? எத்தனை பேர் வாழ்க்கையை அந்த ஒரு நொடி புரட்டிப் போட்டிருக்கிறது!

"நீங்க ஆரு?" என்றாள்.

"குளம் கிளீன் பண்ண வந்தவன். பிபின் சேட்டன் கல்ஃபுக்குப் போயாச்சு. இனி சனிக்கிழமை தோறும் நான்தான். பேரு அகிலேஷ், ஊரு பாறசாலை." பிறகு ஞாபகம் வந்தவனாகக் குரலை ஏற்றினான். "மோட்டர் கெடந்து கத்துது, கேக்கல்லியா? தண்ணி வர வழியில்ல. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா கரிஞ்சு போயிருக்கும். இந்தப் பூவை ஆரு இட்டது?"

"காத்துக்கு விழுந்திருக்கும்."

"காத்துக்கா?" அவன் ஒரு பூவைத் தூக்கிக் காட்டினான். "காம்பைக் கிள்ளியிருக்கு. எங்க ஊர்ல காத்துக்கு நகம் கெடையாது. பூவார் காத்துக்கு உண்டுமோ?"

சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. சிரித்துப் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் அது எப்படி வெளியே வருவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது. "எனக்கு அறியாது," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபோது அவளுக்கு அழுகை வந்தது.

பூவார் ஊரில், நெய்யாறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே ஆற்றங்கரையில் நிற்கும் அந்தப் பெரிய வீடு ஷாஜி, சிஜி தம்பதிக்குச் சொந்தம். அவர்கள் பஹ்ரைனில். வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு வருவார்கள், படம் எடுப்பார்கள், போவார்கள். மற்ற நாளெல்லாம் பெருக்கித் துடைத்து வீட்டைக் காப்பது ரெஜிஷாதான். யாரும் நீந்தாத குளத்துக்கு நாள் முழுதும் ஃபில்ட்டர் ஓடும். யானையைக் கட்டியவன் தீனியும் போட வேண்டுமே.

அந்தக் குளத்தில்தான் அவள் வெள்ளிக்கிழமை மாலைகளில் பூ இட்டாள். அழகுக்காக அல்ல.

ஒக்கிப் புயல் வந்த வருடம் கடலுக்குப் போன அவளுடைய அப்பா கிரகோரி திரும்பி வரவில்லை. உடலும் வரவில்லை. கூடப் போனவர்களின் வீடுகளில் அழுது தீர்த்து, படத்தை மாட்டி மாலை போட்டார்கள். கல்லறை இல்லாதவர்களுக்குக் கடல்தானே கல்லறை... கல்லறைத் திருநாள் அன்று அவர்கள், பள்ளி என்று அங்கே சொல்லும் தேவாலயத்திலிருந்து ஜெபம் சொல்லிக்கொண்டு கரைக்குப் போய்த் தண்ணீரில் பூ இடுவார்கள். அந்தக் கரையில் தண்ணீரில் பூ இடுவது செத்தவர்களுக்கு மட்டும்.

அம்மா சிசிலி மட்டும் இடவில்லை. "அவரு வருவாரு," என்றாள். அன்றையிலிருந்து கடலின் முகத்தில் விழிக்கவுமில்லை. சுவரில் தொங்கிய கிரகோரியின் நீலச் சட்டையை ஞாயிறுதோறும் துவைத்து, தேய்த்து, அதே ஆணியில் மாட்டினாள். ரெஜிஷாவுக்குத் திருப்புறத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அம்பூரியிலிருந்து ஒன்று வந்தது. எல்லோருக்கும் ஒரே பதில். "இவளுக்க அப்பன் வரட்டு. அவரு கையைப் பிடிச்சுப் பள்ளிக்குள்ள கூட்டிட்டுப் போவணும். இல்லாம எனக்க பிள்ளைக்குக் கல்யாணம் இல்ல."

கரைக்குப் போய்ப் பூ இட்டால் பார்த்தவர்கள் அம்மாவிடம் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் யாரும் பார்க்காத இந்தக் குளம். அப்பா போய்விட்டார் என்று ரெஜிஷாவின் மனதுக்கு எப்போதோ தெரியும். வாயால்தான் சொல்ல முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் கூடையில் பூ. அதற்கடுத்த சனிக்கிழமையும் பூ. அகிலேஷ் திட்டுவதை நிறுத்திவிட்டான். பழைய வலைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தான். குளத்தின் ஓரத்தில் தண்ணீர் உள்ளே போகிற வாயில் இன்னொரு கூடை உண்டு. அதற்கு அந்த வலையை உறை போலக் கட்டினான்.

"இனி பூ மோட்டர் வரைக்கும் போவாது. இஞ்சயே நிக்கும். வெள்ளிக்கிழமை நீங்க இடுங்க, சனிக்கிழமை நான் எடுத்துக்கலாம்."

"பூ இடாதேண்ணு சொல்லமாட்டீங்களா?"

"சொன்னா கேப்பீங்களா?"

"மாட்டேன்."

"பின்ன எதுக்கு என் வாய்த் தண்ணியை வத்த வைக்கணும்?"

"எதுக்கு இடுதேன்ணும் கேக்கமாட்டீங்களா?"

"பெண்பிள்ளைகளுக்குப் பூ பிடிக்கும். இதுக்கு என்னத்துக்கு ஒரு காரணம்?" என்று சிரித்தான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல நாக்கும் எழுந்தது. ஆனால் அவன் சிரித்த முகம் மாறிப் பரிதாபப்படுமே... இந்த ஒருவனாவது தன்னைப் 'பாவம், கிரகோரிக்க மகள்' என்று பார்க்காமல் இருக்கட்டும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டாள்.

ஃபில்ட்டர் கழுவுவதைப் பார்க்க அவளுக்குப் பிடித்துப்போனது. அவனைப் பார்க்க என்று நீங்கள் நினைத்தால் நான் மறுக்கப்போவதில்லை. மணல் நிறைந்த பெரிய தொட்டி, அதன் தலையில் ஒரு கைப்பிடி. மோட்டரை நிறுத்துவான். கைப்பிடியை அழுத்தித் திருப்புவான். மறுபடி மோட்டரைப் போடுவான். எப்போதும் மேலிருந்து மணல் வழியாக இறங்கும் தண்ணீர் இப்போது கீழிருந்து மேலே ஏறும். மணலில் பிடித்திருந்த அழுக்கெல்லாம் கிளம்பிக் கழிவுக் குழாய்க்குப் போகும். குழாயின் நடுவே சின்னதாக ஒரு கண்ணாடி. அதில் தண்ணீர் முதலில் காப்பியாக ஓடும், பிறகு சாயாவாக, பிறகு கஞ்சித் தண்ணீராக... கடைசியில் தெளியும்.

இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிற அளவுக்கு அந்தக் கண்ணாடி பெரிதில்லை. அதனால் இரண்டு தலைகளும் பக்கத்தில் வந்தன. அவன் சட்டையில் மழையும் குளோரினும் மணத்தன.

"தெளிஞ்சுதா?"

"இல்ல... கொஞ்சம் கூட ஓடட்டு."

தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டது. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் மோட்டரை நிறுத்தவில்லை.

ஒன்றுதான் அவளுக்கு உறுத்தியது. வேலை முடிந்ததும் பூக்களை ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு மதிலுக்குப் பின்னால் போவான், காலி வாளியோடு வருவான். பின்னால் குப்பைக்குழி இருந்தது. அப்பாவுக்கு இட்ட பூ... கேட்டால் அழுதுவிடுவோம் என்று அவள் கேட்கவில்லை.

"அப்பம் வாறேன்," என்பான் வண்டியை எடுக்கும்போது.

"போறேன்ணு சொல்லுங்க."

"அய்யோ... அப்படிச் சொல்லப்பிடாதில்லியா?"

"வாறேன்ணு சொல்லிட்டு வராம இருக்கப்பிடாது. போறேன்ணு சொன்னாப் போதும்."

அவன் புரியாமல் பார்த்தான். அந்தப் பெண்ணின் கண்கள் மழையைத் தாண்டி எங்கோ இருந்தன. "சரி... போறேன்," என்றான், ஏதோ தப்புச் செய்கிறவன் போல.

கடலுக்குப் போகும் அன்று கிரகோரி வாசலில் நின்று சொன்னது "வாறேன் மக்கா" என்பதுதான்.

ஒரு சனிக்கிழமை அவள் குடையை மோட்டர் அறையில் மறந்துவிட்டாள். மறந்தாளா, மறந்துபோகட்டும் என்று விட்டாளா... அவளுக்கே தெரியாது. சாயங்காலம் அகிலேஷ் வழி கேட்டுக் கேட்டு அந்தக் குடையோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். ரெஜிஷாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சிசிலிக்குப் பையனைப் பிடித்துப்போனது. "மழையில நிக்காத மக்கா, உள்ள வா," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கட்டன்காப்பியும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் வந்தன. அவன் தின்ற விதத்தைப் பார்த்துச் சிசிலி இன்னும் ஒரு துண்டு வைத்தாள். அடுப்புப் பக்கம் நின்ற ரெஜிஷா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் ஒரு ஆண் உட்கார்ந்து சாப்பிட்டு எவ்வளவு காலம்...

அவனுக்கும் சந்தோஷம். சந்தோஷம் வந்தால் மனிதனுக்கு வாய் நிற்காது. அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஆசைப்பட்டான்.

"அம்மச்சிக்க மகளுக்குப் பூண்ணா உயிராக்கும். வெள்ளிக்கிழமை தோறும் குளத்துத் தண்ணியில வெள்ளப்பூ இடும். ஃபில்ட்டர் அடைச்சாலும் சரி, மோட்டர் கரிஞ்சாலும் சரி, விடமாட்டா. கேட்டியளா?"

சிசிலியின் கையிலிருந்த காப்பிப் பாத்திரம் அப்படியே நின்றது.

"தண்ணியிலயா?"

"ஆமா அம்மச்சி. காணவே நல்ல அழகு..."

கடலோரம் வாழாத பாறசாலைக்காரனுக்கு என்ன தெரியும்? அவன் பார்த்தது ரிசார்ட் வாசலில் வெண்கல உருளியில் மிதக்கும் பூ. அதற்கு மேல் தண்ணீரில் பூவுக்கு ஓர் அர்த்தம் உண்டு என்று அவன் அறியவில்லை.

சிசிலி மெதுவாகத் திரும்பினாள். ஆணியில் தொங்கிய நீலச் சட்டையைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"எடியே... நீ அப்பனைக் கொன்னுட்டியா?"

அகிலேஷ் எழுந்து, என்ன நடந்தது என்றே தெரியாமல், மழையில் இறங்கிப் போனான்.

அடுத்த சனிக்கிழமை மோட்டர் அறை வாசலில் ரெஜிஷா காத்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா, ஒக்கி, பூ, சட்டை... அவன் முகத்தில் ரத்தம் வற்றிக்கொண்டே போனது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா ரெஜி?"

"வாயால சொன்னா அப்பா செத்துப்போனதா ஆயிரும். அதுக்காக்கும் பூ இட்டது. பூவுக்கு வாய் இல்லேண்ணு நெனச்சேன். நீங்க வாயாயிட்டீங்க."

"நான் வந்து அம்மச்சிக்கக் காலைப் பிடிக்கியேன்..."

"வேண்டாம். அம்மா எங்கிட்டப் பேசுயது இல்ல. சட்டையை இப்பம் நாள்தோறும் துவைக்கா. நீங்க இனி இஞ்ச வரவேண்டாம். வேற ஆளை விடுங்க."

அவன் வண்டிச் சாவியை எடுத்தான். பிறகு, "போறேன்," என்றான். அவள் சொல்லிக்கொடுத்த வார்த்தைதான். அவளுக்கே அது இப்படிக் குத்தும் என்று அவள் நினைக்கவில்லை.

வேறு ஆள் யாரும் வரவில்லை. குளம் மங்கி, பிறகு பச்சை பிடித்தது. ஓரத்தில் தவளை முட்டையிட்டது. ஃபில்ட்டர் ஒரு மாதிரி முனகிக்கொண்டு ஓடியது. போனை எடுத்து அவன் பெயரைப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். 'வராதே என்றவள் நான்தானே... இனி எந்த முகத்தோடு கூப்பிட?' நந்தியாவட்டைச் செடி யாரும் கிள்ளாமல் பூத்து, மண்ணில் உதிர்ந்து கிடந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. காலையிலிருந்து தூறல். ஊரே பள்ளிக்குப் போனது. ரெஜிஷா குளத்து வீட்டுக்கு வேலைக்கு வந்தாள், அங்கே போனால் அழமாட்டோம் என்று.

மோட்டர் அறையில் சத்தம் கேட்டது. அகிலேஷ்!

"வராதீங்கண்ணு சொன்னேன் இல்லியா?" என்றாள். குரலில் கோபத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை.

"சிஜி சேச்சி பஹ்ரைன்லேருந்து போன்ல சத்தம் போட்டாவ. தண்ணி பச்சையா கெடக்காம்." அவன் நிமிராமலே சொன்னான். "தொட்டியைக் கழுவிட்டுப் போயிருவேன். உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது."

இளைத்திருந்தான். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவருக்கும் நடுவே மோட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

பின்பக்கக் கேட் திறந்தது. ஒரு குடை உள்ளே வந்தது. அகிலேஷ் அன்று கொண்டுவந்து கொடுத்த அதே குடை. குடைக்குக் கீழே சிசிலி!

"எந்த இடத்துல இடுவ?" என்று மகளைக் கேட்டாள். இத்தனை நாளுக்குப் பிறகு அம்மா பேசிய முதல் பேச்சு.

ரெஜிஷா கையைக் காட்டினாள். சிசிலி குளத்தின் ஓரத்துக்கு வந்து அந்தப் பச்சைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தத் தண்ணி கடலுக்குப் போவுமா?"

"இல்லம்மா..." ரெஜிஷா அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "கூடையில நிக்கும். அவரு எடுத்துக் களைஞ்சிருவாரு."

"களைஞ்சிருவானா?" சிசிலியின் முகம் சுருங்கியது. "நீ அப்பனுக்கு இட்ட பூவை... குப்பையிலயா?"

அகிலேஷ் எழுந்து வந்தான். கையைச் சட்டையில் துடைத்தான், மறுபடி துடைத்தான்.

"களையல்ல அம்மச்சி."

"பின்ன?"

"வாங்க, காட்டித் தாறேன்."

மதிலுக்குப் பின்னால் இரண்டு வழி பிரிந்தது. வலது பக்கம் குப்பைக்குழி. அவன் இடது பக்கம் திரும்பினான். அங்கே பாசி பிடித்த கல்படிகள் நெய்யாற்றுக்குள் இறங்கின. கடைசிப் படியில் ஒரு காய்ந்த பூ ஒட்டிக்கிடந்தது.

"ஒரு பிள்ளை கையால கிள்ளி இட்ட பூவாக்கும், குப்பையில தட்ட மனசு வரல்ல. ஒழுகுற தண்ணியில விட்டா எங்கயாவது நல்ல இடத்துக்குப் போவும்ணு..." அவன் தயங்கினான். "எல்லாத்தையும் இஞ்சதான் விட்டேன் அம்மச்சி. ஒண்ணு விடாம."

ரெஜிஷா அவனைப் பார்த்தாள். குப்பைக்குழி, குப்பைக்குழி என்று எத்தனை சனிக்கிழமை மனதுக்குள் அவனைக் குற்றம் சொல்லியிருக்கிறாள்...

மழைக்கு ஆறு சிவந்து நிறைந்து ஓடியது. கீழே ஆற்றுவாயை அடைத்திருந்த மணல்திட்டான பொழி முறிந்து, ஆறும் கடலும் ஒன்றாகக் கிடக்கும் காலம். சிசிலிக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆறு போகும் திசையில் வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பம்... அவருக்குக் கிட்டியிருக்கும்," என்றாள்.

அப்படியே படியில் உட்கார்ந்தாள். இத்தனை வருடம் அழாத அழுகை அப்போதுதான் வந்தது. வாய்விட்டு, மாரில் அடித்துக்கொண்டு, புருஷன் பெயரைச் சொல்லி அழுதாள். ரெஜிஷா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"தேய்ச்சுத் தேய்ச்சுச் சட்டைக்க நூலு பிஞ்சு போச்சு மக்கா... இன்னைக்கு எனக்க கையிலேயே அது கிழிஞ்சுபோச்சு. இனி அதுக்குள்ள ஆரு வந்து நிக்கும்?"

மதிலுக்கு அந்தப் பக்கம் மோட்டர் இரைந்துகொண்டிருந்தது. அகிலேஷ் ஓடிப்போய் அதை நிறுத்தினான். அவனுக்குத் தெரிந்த மரியாதை அது. சத்தம் அடங்கியதும் தூரத்தில் கரையிலிருந்து பள்ளிக்காரர்கள் சொல்லும் ஜெபம் காற்றில் வந்தது.

ரெஜிஷா நந்தியாவட்டையைக் கிள்ளி மடி நிறையக் கொண்டுவந்தாள். சிசிலி ஒவ்வொன்றாக ஆற்றில் விட்டாள். கடைசிப் பூ வளைவில் மறையும் வரை மூன்று பேரும் நின்றார்கள்.

"நான் பள்ளிக்குப் போவட்டு," என்றாள் சிசிலி, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அவருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தணும்." இரண்டடி நடந்து, நின்று, அகிலேஷைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த பார்வை. "நீ அம்பலத்துல சாமி கும்பிடப் போறவனாக்கும். எங்க கரைக்காரங்க சும்மா விடமாட்டாவ. உங்க ஆளுகளும் விடமாட்டாவ."

"தெரியும் அம்மச்சி."

"தெரிஞ்சா சரி," என்றாள். அவ்வளவுதான். இருந்த ஒரே குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

மழை வலுத்தது. இருவரும் ஒதுங்கவில்லை.

"எனக்கு அறியாம வந்த தப்பு ரெஜி," என்றான் அவன். "இந்த நாளெல்லாம் ஒருவாய்ச் சோறு இறங்கல்ல. சனிக்கிழமை வந்தா வண்டி தன்னால பூவாருக்குத் திரும்புது. திரும்பி வந்து, ஜங்ஷன்ல நிண்ணுட்டுப் போயிருவேன். எனக்கு உன்னை... எனக்கு நீ வேணும். அதைச் சொல்லத்தான் அன்னைக்கு வாயைத் தொறந்தேன். அது இப்படி ஆயிப்போச்சு."

அவன் இமையில் மழைத்துளி நின்றது. முதல் நாள் பார்த்த அதே கண்கள். அன்று ஒரு நொடியில் பயந்து திரும்பியவள் இன்று திரும்பவில்லை. இத்தனை வருடம் சொல்லாததை ஆற்றைப் பார்த்தல்ல, அவனைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்க அப்பா இனி வரமாட்டாரு."

சொல்லிவிட்டாள். ஆறு அதன்பாட்டுக்கு ஓடியது. அழுகையினூடே, கேட்கவே பயந்துகொண்டு, இன்னொன்றும் கேட்டாள்.

"நீங்க... வருவீங்களா?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பூக்காம்பின் பால் ஒட்டிப் பிசுபிசுத்த கை.

"வாறேன்," என்றான்.

ரெஜிஷா இந்தத் தடவை அவனைத் திருத்தவில்லை.